ஐசக்கின் அம்மாவைப் பார்க்கப் போனேன்

அமெரிக்கா போய் வந்தவன் என்று தெரிந்ததும் காலடிப்பேட்டையில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வானத்தைத் தொடும் கட்டடத்தைப் பார்த்தாயா, அண்ணாந்து பார்த்ததில் முண்டாசு கழன்று விழுந்ததா என்று. நான் அந்தப் பக்கமே போகவில்லை. நான் பார்த்தது வெண்டைக்காய். இறாலும் தக்காளியும் போட்டு, கொழகொழவென்று, வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்த வெண்டைக்காய். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் திருவொற்றியூர்த் தாய் வடிவுடையாள் பொறுப்பாள். நீங்களும் பொறுக்க வேண்டும்.

நான் சரக்குக் கப்பலில் பண்டாரி. அதாவது நம் ஊர் சிப்பந்திகளுக்குச் சமைத்துப் போடுகிறவன். யுத்த காலத்தில் மட்டும் கடலுக்குப் போகாமல் துறைமுகக் கேன்டீனில் இருந்தேன். வீடு அப்போது ராயபுரத்தில். அந்தச் சமயம் ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பல் தன் சமையல்காரரைக் காய்ச்சலோடு இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. ஐசக் என்று பெயர். கறுப்பு இனத்து மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் தேறி வந்தவருக்கு மாலுமிகள் தங்கும் விடுதியில் கட்டில் இல்லை என்றார்கள். வெள்ளைக்கார மாலுமிக்கு இருந்தது, இவருக்கு இல்லை. நான் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

என் சம்சாரம் கன்னியம்மா வாசலிலேயே மறித்தாள். "இன்னாய்யா இது, ஆஸ்பத்திரிய வூட்டுக்கு இட்டாந்துகிறே?" என்றாள். அவ்வளவுதான் அவள் கோபம். மறுநாள் அவருக்காக வெண்டைக்காயில் இறால் போட்டுக் குழம்பு வைத்தாள். ஐசக் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பல் இங்கிலீஷும் கைஜாடையுமாக, என் அம்மா செய்வது இதேதான் என்றார். கன்னியம்மா நம்பவில்லை. அமெரிக்காவில் ஏது வெண்டைக்காய், வாய்க்கு ருசியாக இருந்தால் அம்மா ஞாபகம் வரும், அவ்வளவுதான் என்றாள்.

அவரிடம் ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. வெள்ளை நிறம், வாய் ஓரத்தில் நீலக்கரை. அம்மா வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. தண்ணீரோ கஞ்சியோ அதில்தான் குடிப்பார். காய்ச்சல் திரும்ப வந்தது. ஒரு விடியற்காலை கன்னியம்மா கொடுத்த கஞ்சித் தண்ணியை அந்தக் கோப்பையில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

காசிமேட்டில் அடக்கம் செய்தோம். பாதிரியார் ஜெபம் சொன்னார், நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கன்னியம்மா அந்தக் கோப்பையை என் மடியில் வைத்துவிட்டாள். "பெத்தவங்க இல்லாத எடத்துல போறாரு. கொடம் ஒடைக்க யாரு கீறா அவருக்கு? கடசியா குட்ச்ச கோப்ப இது. தலமாட்டுல ஒட்ச்சிட்டு வா" என்றாள். பாதிரியாரும் மற்றவர்களும் போன பிறகு, மண்ணை இடப்பக்கமாகச் சுற்றி வந்து, தலைமாட்டில் கோப்பையைப் போட்டு உடைத்தேன். துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ஐசக்கின் ஊர்ப் பக்கத்துத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் போகிறது, பண்டாரி வேண்டும் என்று கேள்விப்பட்டேன். கன்னியம்மா என்னைவிட முந்திக்கொண்டாள். போய் அந்தத் தாயைப் பார்த்து, உன் பிள்ளை அநாதையாகப் போகவில்லை என்று சொல்லிவிட்டு வா என்றாள். வெண்டைக்காய் விஷயத்தையும் தீர விசாரித்து வரச் சொன்னாள். ஊர்ப் பெயர், தீவின் பெயர், ஓடை, கோயில் மரம் எல்லாம் ஐசக் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

கப்பல் இயந்திரத்தில் கோளாறு வந்து கரையில் கட்டிப் போட்டார்கள். எங்களுக்கு விடுப்புக் கிடைத்தது. நன்றாக இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே என்று கப்பல் ஸ்டோர் கிளார்க் சாமுவேலைக் கூட்டிக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. ராயபுரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மளிகை மொத்தக்கடை உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், கோட்டும் தொப்பியும் போடாமல் கரையில் கால் வைக்க மாட்டான்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். முதல் வேடிக்கை அங்கேதான். அந்தத் தேசத்தில் பஸ்ஸில் வெள்ளைக்காரர் முன்னால் உட்கார வேண்டும், கறுப்பர் பின்னால் உட்கார வேண்டும். சாமுவேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். டிரைவர் பின்னால் கை காட்டினார். நான் குளிருக்காகத் தலையில் வெள்ளைத் துண்டை முண்டாசு கட்டியிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, ராஜாவா சாமியாரா என்று குழம்பி, நீங்கள் இங்கேயே உட்காரலாம் என்று முன் சீட்டைக் காட்டினார். சாமுவேலைவிட நான் ரெண்டு மடங்கு கறுப்பு.

"நான் பி.ஏ. பாதி படிச்சவன், என்னைய பின்னால போகச் சொல்லுதான். சட்டிப்பானை கழுவுத உங்களுக்கு முன் சீட்டா அண்ணாச்சி?" என்று சாமுவேல் பொருமினான். நான் முன் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின் சீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள்.

வழியில் பஸ் நின்றுவிட்டது. இன்ஜினிலிருந்து புகை. எல்லாரும் இறங்கினோம். இறங்கியும் இரண்டு கூட்டமாகத்தான் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு மரம், இவர்களுக்கு ஒரு மரம். நிழலில் கூடப் பங்கு பிரித்திருந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. பிறகு நம் ஊர் டீக்கடை நினைவுக்கு வந்தது. வியாசர்பாடியிலிருந்து மூட்டை தூக்க வருகிறவர்களுக்கென்று தனியாக ஆணியில் தொங்கும் தகரக் குவளையைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனை தடவை டீ குடித்திருக்கிறேன். அதிசயப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன்.

கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் காகிதப் பையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வேகவைத்த வேர்க்கடலை. தோலோடு, உப்புப் போட்டு, சூடாக. திருவொற்றியூர்த் தேரடியில் தின்கிற அதே ருசி. சாமுவேலின் கோபமெல்லாம் அந்தக் கடலைத் தோலோடு போய்விட்டது.

பஸ் விட்ட இடத்திலிருந்து தீவுக்குப் படகுதான். கரையில் நின்றால் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் படகுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது. அதே கருப்புச் சேறு, அதே நாற்றம், அதே நாரை. தூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு, உடம்பைச் சுழற்றி, பூ விரிகிற மாதிரி வீசுகிறார். எண்ணூர் ஓடையில் எங்கள் பங்காளி வீசுவது போலவே. மரங்களில் சடைசடையாக நரைத்த பாசி தொங்கியது ஒன்றுதான் புதுசு.

படகோட்டி பெயர் எலியா. வயசானவர், வாய் ஓயாதவர். அவர்கள் பேசும் இங்கிலீஷ் சாமுவேலுக்குப் பாதி புரியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பாட்டன்மார் கொண்டுவந்த சொற்கள் அதில் கலந்திருக்கின்றனவாம். டவுன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களாம். எங்கள் ராயபுரத்துப் பேச்சையும் மயிலாப்பூரில் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று சொல்லச் சொன்னேன். எலியாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆகையால் அவர்கள் பேச்சை நம் பேச்சாகவே எழுதிவிடுகிறேன்.

துடுப்புப் போட்டுக்கொண்டே எலியா ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி இந்தக் கரையில் இறக்குவார்களாம். அப்படி இறங்கின ஒரு கூட்டம், கரையைப் பார்த்ததாம், வயலைப் பார்த்ததாம், சாட்டையைப் பார்த்ததாம். எல்லாருமாக ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கையை விரித்துப் பறந்து, கடல் தாண்டித் தங்கள் ஊருக்கே போய்விட்டார்களாம். உப்புத் தின்றவர்கள் மட்டும் பறக்க முடியாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

"எங்க பாட்டனுக்கு உப்புக் கண்டம்னா உசுரு. அதான் நான் இன்னும் துடுப்புப் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

எங்கள் எண்ணூரே உப்பளம், அப்படியானால் நாங்கள் ஒருத்தரும் பறக்க முடியாது என்றேன். எலியா துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். படகு ஒரு சுற்றுச் சுற்றியது.

நாங்கள் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவர் சிரிப்பு நின்றது. ஐசக்கின் அம்மா லோட்டியம்மா நன்றாக இல்லை என்றார். உடம்பில் நோவு இல்லை, மனசில் பயம். மகன் கடலுக்கு அப்பால் செத்துப்போனான் என்று கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் புருஷன் போனார். சாவு ஒரு சங்கிலி, அறுக்காவிட்டால் மூன்றாவது ஆளை இழுக்கும் என்று அந்தம்மா நம்புகிறார். மிச்சம் இருப்பது மகள் ரூத் ஒருத்தி. ரூத் இங்கே பள்ளிக்கூட வாத்தியாரம்மா. இப்போது நிறைமாசம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். தாய் விடவில்லை. தண்ணீரைத் தாண்டினால் இவளும் திரும்ப மாட்டாள் என்று வாசலிலேயே படுத்துக் கிடக்கிறார். ரூத்தின் புருஷன் ஆலை வேலைக்கு வடக்கே போயிருக்கிறான், அவன் கடிதம் போட்டும் தாய் கேட்கவில்லை.

சாமுவேல் இதையெல்லாம் தமிழில் சொல்லும்போது அவன் முகத்தில், இது என்ன மூடநம்பிக்கை என்பது தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பக்கம் சனிக்கிழமையில் சாவு விழுந்தால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புகிறோமே, இன்னொரு உயிரைத் துணைக்குக் கூப்பிடாமல் இருக்க. பயம் எல்லா ஊரிலும் ஒரே பயம்தான்.

கரை நெருங்கும்போது சாமுவேல் என் காதில் சொன்னான். "அண்ணாச்சி, அந்தக் கோப்பை ஒடச்ச சமாச்சாரத்த மட்டும் அங்க எடுக்காதீங்க. அவுக வேதக்காரங்க. நம்ம பிள்ளை குழிமேட்டுல அஞ்ஞானச் சடங்கு பண்ணிட்டாங்களேன்னு நொந்துபோவாக. ஏற்கெனவே பயந்து கெடக்க மனுசி." நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மரவீடு. வாசல் கதவும் ஜன்னல் சட்டமும் நீலச் சாயம். கெட்ட ஆவி நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துத் தாண்டாது என்பார்கள். நாம் திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி. லோட்டியம்மா படியில் உட்கார்ந்து புல்லால் முறம் போல் ஒரு தட்டுக்கூடை பின்னிக்கொண்டிருந்தார். நெட்டையான உருவம், நரைத்த தலையில் துணிக்கட்டு. யார் என்று சாமுவேல் சொன்னதும் எழுந்து நின்றார். என் முகத்தை, கையை, காலை எல்லாம் பார்த்தார். அழவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. "முதல்ல சாப்பிடுங்க" என்றார்.

அப்போது வந்ததுதான் அந்த வெண்டைக்காய். கன்னியம்மாவின் குழம்பில் புளியும் மிளகாயும் கூட இருக்கும், இதில் பன்றிக் கொழுப்பின் வாசனை. மற்றபடி ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஐசக் பொய் சொல்லவில்லை. நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லோட்டியம்மா அதைப் பார்த்துவிட்டு, உப்புக் கூடிப்போச்சா என்றுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காராமணி போட்டு வடித்த சோறு கொடுத்தார்கள். ரூத் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்து பேசினாள். அமைதியான பெண். அவள் இங்கிலீஷ் சாமுவேலுக்குத் தெளிவாகப் புரிந்தது. அரசாங்கப் பாடப்புத்தகத்தில் தங்கள் ஜனங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது என்றாள். அதனால் பிள்ளைகளுக்கு எலியாவின் கதைகளை, ஓநாயை ஏமாற்றும் முயல் கதைகளை அவளே எழுதிப் படிக்க வைக்கிறாளாம். அலமாரியில் தங்கள் இனத்தவர் எழுதின பாட்டுப் புத்தகம், கதைப் புத்தகம் எல்லாம் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து வாசித்தாள். அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் வரிக்கு வரி மூச்சை இழுத்து விடுகிற மாதிரி இருந்தது, கப்பலில் கயிறு இழுக்கிறவர்கள் குரல் கொடுப்பது போல. சாமுவேல் மொழிபெயர்க்க ஆரம்பித்து, வேண்டாம் அண்ணாச்சி, இதை அப்படியே கேளுங்க என்று விட்டுவிட்டான்.

அவள் வாசிக்கும்போது தாய் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் இவரும் எழுந்தார். அவள் பின்கட்டுக்குப் போனால் இவரும் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொழுது சாயும் நேரம் ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரே ஒரு அறை, சுவரோரம் பெஞ்சு, சிலுவை. ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, எல்லாரும் வாங்கிப் பாடுகிறார்கள். எங்கள் பஜனை கோஷ்டி போலத்தான். பிறகு பெஞ்சுகளை நகர்த்தினார்கள். பெண்களும் ஆண்களுமாக வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். காலைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, கைதட்டி, ஒருவர் கட்டையால் தரையைத் தட்ட, மரத்தரையே மத்தளமாகிவிட்டது. நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியானாலும் சரி, அந்த அறைக்குள் வந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர்கள் இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். நாம் கோயிலில் வலம் வருவோம். இடம் வருவது நம்மிடம் சாவுக்கு மட்டும். எனக்கு உடனே காசிமேடும், அந்தக் கோப்பையும், அது உடைந்த சத்தமும் ஞாபகம் வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு இந்தத் தாயின் சோற்றைத் தின்கிறேனே என்று நெஞ்சுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினதும் லோட்டியம்மா படியில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். சாமுவேல் எதிரே ஒரு மரக்கட்டையில். அப்போதுதான் கேட்க ஆரம்பித்தார். கடைசியில் என்ன சாப்பிட்டான், யார் முகம் கழுவிவிட்டது, கண்ணை யார் மூடினது. எல்லாம் சொன்னேன். கன்னியம்மாதான் மூடினாள் என்றதும் அவள் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார், சரியாகவே சொன்னார்.

பிறகு கையிலிருந்த புல்லை முறித்தார். "அவன் என் அலமாரியிலேர்ந்து ஒரு கோப்பை எடுத்துட்டுப் போனான். நீலக்கரை. அது என்ன ஆச்சு?" என்றார்.

சாமுவேல் இதைத் தமிழில் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. "கோப்பைய கேக்காக அண்ணாச்சி. பிள்ளை ஞாபகத்துக்கு வச்சிக்கிடணும் போல. ஆஸ்பத்திரியிலயே காணாமப் போச்சுன்னு சொல்லிரட்டா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிள்ளை வாய் வைத்துக் குடித்த கோப்பை, அது ஒன்றாவது திரும்பி வரும் என்று இத்தனை வருஷம் காத்திருக்கிறார். அதைப் போட்டு உடைத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சோற்றைத் தின்றுவிட்டு வாய் துடைக்கிறான். காணாமல் போயிற்று என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் செத்தவன் விஷயத்தில் பெற்றவளிடம் பொய் சொல்லிவிட்டு, ஊருக்குத் திரும்பி அம்மன் சந்நிதியில் எந்த முகத்தோடு நிற்பேன்.

"வாணாம் தம்பி. ஒடஞ்சி பூட்ச்சின்னு சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான். லோட்டியம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "எப்படி ஒடைஞ்சது?"

"நான்தான் ஒட்ச்சேன். அவரு தலமாட்டுல. கடசியா அதுலதான் குட்ச்சாரு. எங்க வழக்கம் அது."

சாமுவேல் இதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். சொன்ன பிறகும் நிறுத்தாமல் தானாகவே என்னென்னவோ சேர்த்துப் பேசினான். மன்னிக்க வேண்டும் என்கிற சொல் இரண்டு மூன்று தடவை வந்தது எனக்கே புரிந்தது. லோட்டியம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"துண்டுங்கள அள்ளிட்டு வந்துட்டீங்களா, அங்கேயே விட்டீங்களா?"

"அங்கியே வுட்டுட்டேம்மா. திரும்பியும் பாக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வடிவுடையாளைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் பார்த்தார்.

"ரூத், இங்க வா. அண்ணன் கோப்பைய ஒடைச்சிட்டாங்க. தலைமாட்டுலயே. அப்பவே ஒடைச்சிட்டாங்க. சங்கிலி அறுந்துபோச்சு மகளே. எப்பவோ அறுந்துபோச்சு."

ரூத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். லோட்டியம்மா ஒரு கையால் அவள் தலையைத் தடவினார், இன்னொரு கையால் என் கையைப் பிடித்தார். சமைக்கிறவர் கை, காய்த்துப்போன கை. விடவே இல்லை.

எனக்கும் சாமுவேலுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னாள். இங்கே யாராவது செத்தால் கடைசியாகக் குடித்த கோப்பை, கடைசியாகச் சாப்பிட்ட தட்டு, மருந்துப் புட்டி, எல்லாவற்றையும் உடைத்துக் குழிமேட்டில் வைப்பார்கள். உடைத்தால்தான் சாவு அந்த ஒருவரோடு நிற்கும். உடைக்காமல் விட்டால் வீட்டில் அடுத்த ஆளைத் தேடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் விடவில்லை. அண்ணன் முன்பின் தெரியாத சீமையில் செத்தான், அவன் கோப்பையை யார் உடைத்திருக்கப் போகிறார்கள் என்பதுதான் அம்மாவின் பயம். கப்பலிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொருத்தரிடமும் அந்தக் கோப்பையைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

சாமுவேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "நல்லவேளை அண்ணாச்சி, நான் சொன்னத நீங்க கேக்கல" என்றான்.

எனக்குத் திடீரென்று பசி எடுத்தது. காலையிலிருந்து எதுவும் சரியாக இறங்காத வயிறு. லோட்டியம்மாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, எழுந்து போய் மிச்சம் இருந்த காராமணிச் சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தானும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். ரூத், அம்மா சாப்பிடுகிறார் என்று எங்களுக்குக் கண்ணால் காட்டினாள்.

திங்கள்கிழமை பொழுது விடிந்து, கோழி கத்தி, வெயில் ஜன்னலில் ஏறியும் லோட்டியம்மா எழுந்திருக்கவில்லை. நான் பயந்துபோனேன். ரூத் உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் வாசலில் படுத்தவர் அன்று உள்ளே கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். ஜன்னலுக்கு அடியில் கூவின சேவலைச் சாமுவேல் கோட்டை வீசித் துரத்தினான்.

எழுந்ததும் எங்களைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். பாசி தொங்கும் மரங்களுக்குக் கீழே, ஓடையைப் பார்த்தபடி. கல்லறை என்றால் சலவைக்கல் இல்லை. மண்மேடுதான். ஒவ்வொரு மேட்டின் மேலும் அடி உடைத்த ஜாடி, ஓட்டை போட்ட தட்டு, கண்ணாடி நொறுங்கின விளக்கு, வெள்ளைச் சிப்பிகள். சாமுவேல் வாய் திறந்து நின்றான். ஐசக்கின் அப்பா மேட்டில் ஒரு கடிகாரம், முள்ளை உடைத்திருந்தார்கள். பக்கத்தில் வெறும் தரை. அது ஐசக்குக்கு விட்டு வைத்திருந்த இடம். லோட்டியம்மா அங்கே குனிந்து சிப்பிகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். கடல் கொண்டுவந்த ஜனங்கள் நாங்கள், கடல்தான் திருப்பிக் கொண்டுபோகும், இதை அவன் மேல் வை என்றார்.

எலியா படகோடு காத்திருந்தார். எங்களை ஏற்ற வந்தவர், லோட்டியம்மாவின் கையில் துணி மூட்டையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். அது ரூத்தின் மூட்டை. கூடவே ஆஸ்பத்திரிக்குப் போக அத்தை முறை ஒருத்தியும் தயார்.

"என் பொண்ண ஆடாம கொண்டுபோ. கதை சொல்றேன்னு துடுப்ப விட்டியோ, கொன்னுடுவேன்" என்றார் லோட்டியம்மா.

"நான் உப்புத் தின்னவன். பறக்கத் தெரியாது, மெதுவாத்தான் போவேன்" என்றார் எலியா.

மகளைத் தானே கைப்பிடித்துப் படகில் ஏற்றினார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். படகு கரையை விட்டதும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பினார். நேராக வீட்டைப் பார்த்து நடந்தார். வழியில் புல் வளர்ந்திருந்தது, கூடைக்கு ஆகும் என்று ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்பா போன நாளிலிருந்து அம்மா என் பக்கம் முதுகைக் காட்டினதே கிடையாது என்று ரூத் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் துறைமுகத்துக்கு எலியாவே செய்தி கொண்டுவந்தார். ஆண் பிள்ளை. தாய், பிள்ளை, இருவரும் சுகம். ஐசக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாமுவேல் அங்கேயே முழங்காலிட்டான். நான் கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன்.

ஊர் வந்ததும் முதல் வேலையாகக் காசிமேட்டுக்குப் போனேன். கன்னியம்மாவும் வந்தாள். நம்மில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. இது கிறிஸ்தவர்கள் கல்லறை, இங்கே வரலாம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தலைமாட்டில் மண்ணைக் கிளறினபோது நீலக்கரை போட்ட துண்டு ஒன்று இன்னும் இருந்தது. அதைச் சுற்றி அவள் ஒவ்வொரு சிப்பியாக வைத்தாள், கோலப்புள்ளி வைப்பது போல. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"வெண்டக்கா உண்டாம் நைனா, நான்தான் நம்பல. ஒங்கம்மா வயிறு ரொம்பத் துன்னாங்களாம், நல்லா தூங்குனாங்களாம். தங்கச்சிக்குப் புள்ள பொறந்துகீது. நீயும் தூங்கு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாய்யா போலாம் என்று என் முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போகுமுன் ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போய் இறால் வாங்கினோம்.